எந்த வகுப்பில் சேர்வது?

கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் விடுமுறை நாள்களில் பல நாட்டு மக்களைக் காணலாம். அவர்கள் சரிவுகளில் விரிந்து கிடக்கும் தேயிலைச் செடிகளைப் படம் பிடிப்பார்கள், தேநீர் அருந்துவார்கள், பின்னர், கேள்விகள் கேட்கத் தொடங்குவார்கள். “இந்த இலையைக் கையால் பறிக்கிறார்களா, இயந்திரத்தால் வெட்டுகிறார்களா? பச்சைத் தேநீரும் கறுப்புத் தேநீரும் ஒரே செடியிலிருந்துதான் வருகின்றனவா?” என்பன போன்ற கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவற்றுக்கு விடை தெரியும். கொழுந்தைப் பறித்தல், வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்ற வரிசையைப் புத்தகத்தைப் பார்க்காமலேயே சொல்வார்கள். அது அவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டியும் செய்த வேலை. ஆயினும், அதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நேரத்தில் பலருக்கு நா எழுவதில்லை. தெரிந்ததைச் சொல்ல இயலாத காரணத்தால், சுற்றுப்பயண வழிகாட்டி, தங்கும் விடுதியின் முகப்புப் பணியாளர், விற்பனைப் பிரிவு அலுவலர் போன்ற வேலைகள் கைநழுவிப் போகின்றன. பிறந்த மண்ணைப் பற்றி விளக்கும் வேலையே வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கிடைத்துவிடுகிறது.

இக்குறையைப் போக்க ஆங்கில வகுப்பில் சேரலாம் என்பது எல்லாரும் கூறும் ஆலோசனை. ஆனால், எந்த வகுப்பில் சேர்வது? அதற்கு என்ன தகுதி வேண்டும்? அந்த வகுப்பு நம்மை எங்கே கொண்டு சேர்க்கும்? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் பணத்தைக் கட்டுவது, ஆழம் அறியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவியைக் கற்பனை செய்து பார்ப்போம். அவள் தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, வரலாறு ஆகிய பாடங்களில் தேர்ச்சி பெற்றுள்ளாள். தமிழ்மொழியில் நல்ல நிலை. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஈ’ நிலை. தங்கும் விடுதித் துறையில் பணியாற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. “மூன்றே மாதத்தில் சரளமான ஆங்கிலம்” என்று ஒரு விளம்பரம் அவள் கைப்பேசிக்கு வருகிறது. அம்மா சேர்த்து வைத்திருக்கும் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அந்தப் பணம் ஒரு முறைதான் செலவழிக்கக்கூடிய பணம். ஆகவே, அவளுடைய முடிவு சரியாக அமைய வேண்டும். அவளோடு சேர்ந்து நாமும் வழி தேடுவோம்.

முதலில், தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏன் தொலைவில் நின்றது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இங்கு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். அதற்கு முன்பே, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஒன்றை அமைக்க வேண்டும் என்று விதித்திருந்தது. இப்படித்தான் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. எனினும், ஆங்கிலப் பள்ளிகள் பட்டணங்களில் மட்டுமே இருந்தன. அங்குச் செல்லக் கட்டணம் வேண்டும், போக்குவரத்து வேண்டும். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் அது எட்டாக் கனியாகவே இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் கற்கின்றனர். ஆயினும், பள்ளிக்கு வெளியே ஆங்கிலம் பேசும் வாய்ப்பு பலருக்குக் குறைவு. வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலாய் என்று அமைந்துவிட்ட வாழ்க்கையில், ஆங்கிலம் பாடநூலோடு நின்றுவிடுகிறது. எனவே, ஆங்கிலத்தில் குறைந்த புள்ளி பெறுவது அறிவுக் குறைவின் அடையாளம் அன்று. பயன்படுத்தும் வாய்ப்புக் குறைவின் விளைவாகும்.

இத்தகைய மாணவர்களுக்குத் துணைபுரியும் கல்வி நிலையங்களுள் ஒன்று சமூகக் கல்லூரி. நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றன. இவை உயர்கல்வி அமைச்சின் கீழ் செயல்படுகின்றன. பகாங்கில் பெந்தோங், குவாந்தான் போன்ற இடங்களிலும், அண்டை மாநிலமான பேராக்கில் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற இடங்களிலும் சமூகக் கல்லூரிகள் உள்ளன. அரசாங்க நிலையங்கள் என்பதால் கட்டணமும் குறைவு.

சமூகக் கல்லூரி என்னும் எண்ணம் உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜோலியட் கல்லூரி இவ்வகையில் மூத்தது எனக் கருதப்படுகிறது. சிறந்த புள்ளி பெற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பது இக்கல்லூரிகளின் நோக்கமன்று. அருகில் வாழும் மக்களுக்குக் கதவைத் திறந்து வைத்து, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏற்றிவிடுவதே இவற்றின் நோக்கம்.

சமூகக் கல்லூரியில் நுழைய இரண்டு வாயில்கள் உள்ளன. முதலாவது, முழுநேரச் சான்றிதழ்க் கல்வி. தங்கும் விடுதிச் சேவை, சுற்றுலா, அணிச்சல் தயாரிப்பு, ஆடை வடிவமைப்பு, மின்னியல், கணினி போன்ற துறைகளில் இக்கல்வி வழங்கப்படுகிறது. எல்லாத் துறைகளும் எல்லாக் கல்லூரிகளிலும் இருப்பதில்லை. இச்சான்றிதழ்க் கல்வியில் தொழில்திறனோடு ஆங்கிலமும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. பயிற்சியின் ஒரு பகுதியாக மாணவர்கள் நிறுவனங்களுக்குச் சென்று வேலை அனுபவமும் பெறுவார்கள்.

இரண்டாவது வாயில், குறுகிய காலப் பயிற்சி. இது வாழ்நாள் கல்வித் திட்டத்தின் கீழ் பொதுமக்களுக்காக நடத்தப்படுகிறது. சில மணி நேரம் முதல் சில நாள்கள் வரை நடைபெறும் வகுப்புகளும் உண்டு. அடிப்படை ஆங்கில உரையாடல் போன்ற பயிற்சிகள் இப்பிரிவில் அடங்கும. இவற்றில் சேர பொதுவாக எஸ்.பி.எம். சான்றிதழ் தேவைப்படுவதில்லை. ஆகையால், மாணவி மட்டுமன்றி, ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய அவள் அம்மாவும் இவ்வகுப்பில் அமரலாம்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். குறுகிய காலப் பயிற்சியின் முடிவில் கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழ். அது கூச்சத்தைப் போக்கும், பேசப் பழக்கும். ஆனால், அதைக் காட்டிப் பட்டயக் கல்விக்கோ பல்கலைக்கழகத்திற்கோ செல்ல இயலாது. முழுநேரச் சான்றிதழ் அப்படியன்று. அது மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் இடம்பெற்ற தகுதியாகும்; மேற்கல்விக்குப் படிக்கட்டாக அமையும். பேசப் பழகுவது ஒருவருடைய தேவையென்றால் குறுகிய காலப் பயிற்சியே போதும். வேலைக்கும் மேற்கல்விக்கும் உரிய சான்று வேண்டுமென்றால், நாள் கணக்கில் நடக்கும் வகுப்பு அதைத் தராது.

அடுத்து, தகுதியைப் பார்ப்போம். எஸ்.பி.எம். சான்றிதழைப் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சமூகக் கல்லூரியின் முழுநேரக் கல்விக்கு இச்சான்றிதழே அடித்தளம். அதற்கு மேல், துறைக்குத் துறை சிறப்பு நிபந்தனைகள் இருக்கலாம். அவை மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய அறிவிப்பையே பார்க்க வேண்டும். அண்ணன் சேர்ந்த ஆண்டின் விதிகளை நம்பித் தம்பி விண்ணப்பிக்கக் கூடாது.

அறிவிப்பைப் படிக்கும்போது இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ‘தேர்ச்சி’, மற்றொன்று ‘நன்னிலைத் தேர்ச்சி’. எஸ்.பி.எம். தேர்வில் ‘சி’ நிலையும் அதற்கு மேற்பட்டவையும் நன்னிலைத் தேர்ச்சி எனப்படும். ‘டி’, ‘ஈ’ ஆகியவை தேர்ச்சி மட்டுமே. ‘ஜி’ என்பது தோல்வி. நம் மாணவி ஆங்கிலத்தில் ‘ஈ’ பெற்றிருப்பதால் அவள் தேர்ச்சி பெற்றவளே. தேர்ச்சி போதும் என்று கூறும் கல்விக்கு அவள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். நன்னிலைத் தேர்ச்சி கேட்கும் கல்விக்கு மட்டுமே அவளுக்குக் கதவு மூடியிருக்கும். அக்கதவும் நிரந்தரமாக மூடியதன்று. அடுத்த எஸ்.பி.எம். தேர்வில் தனிப்பட்ட தேர்வராகப் பதிந்துகொண்டு ஆங்கிலத்தை மீண்டும் எழுதலாம். ‘ஈ’ கிடைத்ததால் எதற்கும் தகுதியில்லை என்று எண்ணி விண்ணப்பமே செய்யாமல் இருப்பதுதான் பெரிய இழப்பு.

எஸ்.பி.எம். இல்லாத பெரியவர்களுக்கும் வழி உண்டு. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம், பணி அனுபவத்தைக் கல்வித் தகுதியாக மதிப்பிடும் முறையை நடைமுறைப்படுத்தியுள்ளது. ‘அபெல்’ என அழைக்கப்படும் இம்முறையின் வழி, போதிய அனுபவமும் வயதும் உள்ளவர்கள் மதிப்பீட்டில் வெற்றி பெற்று, அதனை ஏற்கும் கல்வி நிலையங்களில் மேற்கல்வியைத் தொடரலாம். தொழிற்சாலையில் பல ஆண்டுகள் உழைத்து அறிந்தவை வீணாகிவிடுவதில்லை.

தகுதியை அறிந்த பின், தன் மொழித்திறன் எந்தப் படியில் இருக்கிறது என்பதை அறிய வேண்டும். நம் நாட்டின் ஆங்கிலக் கல்வி இப்போது ‘சி.இ.எஃப்.ஆர்.’ என்னும் பொது ஐரோப்பிய மொழி அளவுகோலைப் பின்பற்றுகிறது. இதில் ஆறு படிகள் உள்ளன. அவை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்பனவாகும். இவற்றைத் தோட்டத்து வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

தன் பெயரையும் ஊரையும் சொல்லி, வந்தவரை வரவேற்க முடிந்தால் அது ஏ1. தேயிலைப் பொட்டலத்தின் விலையைக் கூறி, கழிப்பறைக்கும் பேருந்து நிலையத்திற்கும் வழி சொல்ல முடிந்தால் அது ஏ2. கொழுந்து எப்படித் தேயிலைத் தூளாகிறது என்பதைத் தொடர்ச்சியாக விளக்க முடிந்தால் அது பி1. அறையில் வெந்நீர் வரவில்லை என்று சினத்தோடு வரும் விருந்தினரிடம் நிலைமையை எடுத்துக்கூறி, மாற்று வழிகளை முன்வைத்து, அவரை அமைதிப்படுத்த முடிந்தால் அது பி2. மலைச்சரிவும் வேளாண்மையும் குறித்த ஓர் ஆய்வறிக்கையைப் படித்து, அதன் நுட்பங்களை எடுத்துரைக்க முடிந்தால் அது சி1. மிக நுண்ணிய கருத்துகளையும் தடையின்றி வெளியிடும் நிலை சி2.

இந்த அளவுகோலில் தன் படியை ஒருவர் நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதில்லை. படித்துப் புரிந்துகொள்வதில் பி1இல் இருப்பவர், பேசுவதில் ஏ2இல் இருக்கலாம். எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்விலும் இந்நான்கு திறன்களுக்கும் தனித்தனித் தாள்கள் உள்ளன. எந்தத் தாளில் தடுமாறினோம் என்பதை நினைவுகூர்ந்தாலே நம் தேவை புலப்படும். பேச்சில் பின்தங்கியவர் இலக்கணப் பயிற்சிகளை நிரப்பிக்கொண்டிருக்கும் வகுப்பில் சேர்ந்தால், பணமும் நேரமும்தான் செலவாகும்.

மிக உயர்ந்த படியில் சேர்ந்தால் பாடம் புரியாது. சில வாரங்களில் வகுப்பை விட்டு நின்றுவிட நேரிடும். அவ்வாறெனில், மிகத் தாழ்ந்த படியில் தொடங்குவது பாதுகாப்பானதா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்குச் சான்றாக விளங்குகிறது. அங்குள்ள சமூகக் கல்லூரிகளில் ஒரு நுழைவுத் தேர்வை வைத்து, பலரைத் தொடக்கநிலை ஆங்கில வகுப்புகளுக்கு அனுப்பி வந்தனர். அவ்வகுப்புகளுக்குப் பட்டக் கல்வியில் மதிப்புக் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை முடிப்பதற்குள் பலர் களைத்துப்போய்ப் படிப்பையே கைவிட்டனர். எனவே, 2017ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஒரு சட்டத்தை இயற்றியது. ஒரு தேர்வை மட்டும் நம்பாமல், மாணவர் உயர்நிலைப்பள்ளியில் பெற்ற புள்ளிகளையும் கருத்தில் கொண்டு வகுப்பை முடிவுசெய்ய வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? தன் திறனுக்கு ஒரு படி மேலே உள்ள வகுப்பே ஏற்றது. கை எட்டும் கிளையைத்தான் பிடித்து ஏற முடியும். தரையிலேயே நின்றாலும் ஏற முடியாது.

மேற்கல்வியை எண்ணுபவர்கள் மூவெட் தேர்வைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு என்பதே மூவெட். இதனை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளிகள் என மொத்தம் 360 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. தேர்வரின் அடைவு, ‘பேண்டு’ என்னும் நிலைகளால் குறிக்கப்படும். 3.0, 3.5 ஆகிய நிலைகள் பி1 படிக்கும், 4.0, 4.5 ஆகியவை பி2 படிக்கும் இணையாகும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை மேற்கொள்ள விரும்புபவர், தாம் விரும்பும் துறை எந்த நிலையைக் கேட்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். நம் மாணவிக்கு இத்தேர்வு இப்போது தேவையில்லை. அது அவள் செல்லும் வழியில் பின்னர் வரும் ஒரு மைல்கல்.

இனி, விளம்பரங்களுக்கு வருவோம். எந்தக் கல்வி நிலையமாயினும் சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தச் சான்றிதழ், மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளதா? வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒவ்வொருவருக்கும் பேச எவ்வளவு நேரம் கிடைக்கும்? கட்டணத்தில் நூல்களும் தேர்வுக் கட்டணமும் அடங்குமா? இடையில் நிற்க நேர்ந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? மலேசியத் தகுதிப் பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். குறுகிய காலப் பயிற்சிகள் அப்பதிவேட்டில் இருப்பதில்லை. அதனால் அவை பயனற்றவை என்று பொருளாகாது. ஆனால், பதிவேட்டில் இல்லாத வகுப்பை “மேற்கல்விக்கு ஏற்ற தகுதி” என்று யாராவது கூறினால், அங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே மொழியில் தேர்ந்தவரைத் தவிர, எவரும் மூன்று மாதத்தில் சரளமாகப் பேசிவிட இயலாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மலைப்பகுதியில் வாழ்பவர்கள் தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் சாலை வளைவுகள் நிறைந்தது. விடுமுறைக் காலத்தில் நெரிசல் அதிகம். மழைக்காலத்தில் மண்சரிவு அச்சமும் உண்டு. மாலை வகுப்பு முடிந்து திரும்ப வண்டி கிடைக்குமா? கிடைக்காது என்றால், இணையவழி வகுப்பு உண்டா? தோட்டத்து வீட்டில் இணையச் சேவை சீராகக் கிடைக்குமா? வெளியூர்க் கல்லூரியென்றால் தங்குமிடம் உண்டா? இவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால், பாடம் கடினமாக இருந்ததால் நின்றவர்களைப் போலவே, போக்குவரத்து இல்லாமல் நின்றவர்களும் உண்டு.

இப்போது நம் மாணவியின் முடிவைப் பார்ப்போம். அவளுக்கு வேண்டியது தங்கும் விடுதித் துறையில் வேலை. ஆகவே, அவள் தனியே ஓர் ஆங்கில வகுப்பைத் தேடாமல், ஆங்கிலமும் உள்ளடங்கிய விடுதிச் சேவைச் சான்றிதழ்க் கல்விக்கு ‘யூ.பி.யூ.’ இணையத்தளத்தின் வழி விண்ணப்பிக்கிறாள். அதற்கு அடையாள அட்டை, எஸ்.பி.எம். தேர்வு முடிவு ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்கிறாள். இறுதி நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறாள். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் விண்ணப்பத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறாள். அழைப்பு வரும் வரையில், அருகில் நடைபெறும் குறுகிய கால உரையாடல் வகுப்பில் அம்மாவோடு சேர்கிறாள். சில பட்டயக் கல்விகள் நன்னிலைத் தேர்ச்சியைக் கேட்கக்கூடும் என்பதால், ஆங்கிலத்தை மறுபடியும் எழுதுவதற்கும் திட்டமிடுகிறாள். அம்மாவின் சேமிப்பு, விளம்பரத்திற்குச் செல்லாமல் அவளுடைய தங்குமிடச் செலவுக்கு உதவுகிறது.

வகுப்பு நமக்கு வழிகாட்டும். நடக்க வேண்டியவர் நாமே. நாள்தோறும் பத்து நிமிடம் ஆங்கில வானொலியைக் கேட்கலாம். தேயிலைப் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை உரக்க வாசிக்கலாம். நண்பர்கள் இருவர் சேர்ந்து, ஒருவர் சுற்றுப்பயணியாகவும் மற்றவர் வழிகாட்டியாகவும் நடித்துப் பேசிப் பழகலாம். பிழை நேரும், அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே யாருடைய கூடையும் நிறைந்துவிடுவதில்லை.

ஆங்கிலம் கற்பதால் தமிழை விட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை. தேயிலையின் கதையைத் தமிழில் நன்கு அறிந்தவரே அதை ஆங்கிலத்திலும் நன்கு சொல்ல முடியும். தன் நோக்கத்தையும் படியையும் அறிந்து, உரிய வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், ஒரு நாள் சுங்கை பாலாஸ் சரிவில் நின்று, “இது என் பாட்டி கொழுந்து பறித்த இடம்” என்று வந்தவர்களிடம் தொடங்கி, அவர்கள் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்வார்.